குழந்தைக்கு மட்டும் கண்

சித்தூரில் நாங்கள் வீடு கட்டிய காலத்தில், ஹாலில் ஷோகேஸ் இல்லாத வீட்டை யாரும் வீடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவில்லை. ஷோகேஸின் தள்ளுக் கண்ணாடியைத்தான் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருந்தார். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடுகள் தளம் போட்டுக்கொண்டன. அவர்கள் கொண்டுவந்த சாமான்கள் ஷோகேஸில் ஏறி உட்கார்ந்தன. மூடி திறக்காத சென்ட் புட்டி, யாரும் டீ குடிக்காத டீ செட், வாடவே வாடாத பிளாஸ்டிக் ரோஜா.

எங்கள் ஷோகேஸில் ஒரு கண்ணாடி அன்னம் இருந்தது. என் கணவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். முதல் லீவில் வந்தபோது விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது அது. வயிற்றுக்குள் ஒரு குட்டி பல்பு உண்டு. சுவிட்சைப் போட்டால் பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறி மாறி எரியும். அவர் அதை எரியவிட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் நகரி ஊர்க்காரி. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சும்மா பார்ப்பதற்கென்று ஒரு பொருளும் கிடையாது. எல்லாம் எதற்காவது உழைத்துக்கொண்டே இருக்கும், மனிதர்கள் உட்பட. அதனாலோ என்னவோ, ஒன்றுக்கும் உதவாமல் அழகாக மட்டும் இருக்கும் பொருள்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஏக்கம். கல்யாணமான புதிதில் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில், வர்ணம் பூசாத மர யானை ஒன்றைப் பார்த்தேன். தும்பிக்கை நுனியால் தன் முன்னங்காலையே தடவிக்கொண்டு நின்றது. கையில் எடுத்தவளுக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. அவர் உடனே வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் கண் முழுக்கப் பக்கத்திலிருந்த தங்க நிறக் குதிரைமேலேயே மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர், ரசனைதான் இப்படி.

யானை வந்த மாதத்திலேயே அவர் கிளம்பிப் போனார். பிறகு வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகன் வருடத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். பக்கத்து வீடுகளிலும் இதே கதை என்பதால் யாரும் இதைப் பெரிய துக்கமாகப் பேசுவதில்லை. எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அந்தக் காசில் மாதாமாதம் ஏதாவது ஒன்று வாங்கினேன். குப்பம் என்ற ஊர்ப் பக்கம் கிரானைட் துண்டில் செதுக்கிய ஓர் ஆமை. கொடி படர்ந்த பழைய கதவுப் பலகை. கையில் விளக்கேந்திய ஒரு பித்தளைப் பெண், விளக்கு முறிந்து வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்பவள். ஆள் இல்லாத இடத்தைப் பொம்மை வைத்து நிரப்புகிறாள் என்று தெருவில் ஒருத்தி சொன்னதாகக் காதில் விழுந்தது. சொன்னவள் வீட்டு டீ செட்டை நினைத்துக்கொண்டு பொறுத்துப் போனேன்.

ஒருநாள் திருப்பதியிலிருந்து புல்லாங்குழல் ஊதும் கிருஷ்ணர் சிலை ஒன்றை வாங்கி வந்தேன். வாசற்படியிலேயே அத்தை கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா அது?"

"கிருஷ்ணர், அத்த. அழகா கீறாரு இல்ல?"

"அழகாத்தான் கீறாரு. யாரு சோறு போடுவா?"

யாருக்குச் சோறு என்று கேட்டேன்.

"சாமின்னு ஒண்ண வூட்டுக்குள்ள கொண்டாந்தா, தெனமும் ஆக்கி அதுக்கு வெக்கணும். படத்துக்குப் பரவால்ல. உருவம்னா பசிக்கும். எங்க வூட்ல ஒரு வெளக்கு மட்டும்தான் இருந்துச்சி. சாமிய இட்டாந்து பட்டினி போடறதுக்கு, இட்டாராமலே இருக்கலாம்னு எங்க நைனா சொல்லும்."

அத்தை தமிழ்நாட்டு எல்லை ஓரத்துக் கிராமத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் கிடையாது. நடவு இருந்தால் சோறு, இல்லாவிட்டால் அவருடைய நைனா, அதாவது அப்பா, சொல்லும் நியாயம். இதை அவர் அழுகையாகச் சொல்லவில்லை, உப்பு எவ்வளவு போடுவது என்று சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அன்றைக்கு வரவில்லை. கிருஷ்ணரைத் திரும்பக் கட்டிப் பைக்குள் வைத்தேன்.

என் முகம் வாடியதைப் பார்த்து அத்தையே ஒரு வழியும் சொன்னார். "கண்ணு தொறக்கலன்னா அது சாமி கெடயாது, வெறும் கட்டதான். கோயிலுக்குச் செய்யறவங்க எல்லாம் கடசியாத்தானே கண்ணு தொறக்கறாங்க? நீ கண்ணு தொறக்காததா வாங்கு. நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்?"

கடைகளில் அப்படிக் கிடைக்கவில்லை. திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் மரம் செதுக்கும் ஊர் ஒன்று இருக்கிறது, அங்கேயே போய்க் கேளுங்கள் என்றார் கடைக்காரர். நான் போகும்போது அத்தையும் கூடவே வந்தார், நான் ஏமாற்றிவிடுவேனோ என்று கண்காணிக்க. சிற்பி எங்களை விசித்திரமாகப் பார்த்தார். எல்லாம் செய்து முடித்து விழியை மட்டும் கீறாமல் விட வேண்டுமா, ஏனம்மா என்று தெலுங்கில் கேட்டார். அத்தையும் தெலுங்கிலேயே, எங்கள் வீட்டில் சோறு கம்மி என்று பதில் சொன்னார். பட்டறை முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து பொம்மை வாங்கப் போவது எங்கள் இருவர் காரியமாகிவிட்டது. அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் சிலையைத் திருப்பி முதுகைத் தடவுவார். "மூஞ்சி எவன் வேணா செய்வான். முதுவப் பாரு, யாரும் பாக்காத எடத்துல எப்பிடி வேல செஞ்சிக்கிறான்னு தெரியும்" என்பார். பின்பக்கம் சொரசொரவென்று இருந்தால் வேண்டாம் என்று கீழே வைத்துவிடுவார். திரும்பும் வழியில் திருப்பதியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். அங்கே அத்தை ஒரு காபியோடு சரி. எவ்வளவு கெஞ்சினாலும் இலையில் உட்கார மாட்டார். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவருக்குக் கல்லில் எழுதியது. நாத்தனார் முகம் தொங்கிப் போகும். பஸ் ஏறியதும் பசிக்குது என்று என்னிடம் பன் வாங்கித் தரச் சொல்வார்.

ஷோகேஸ் நிறைந்தது. கண் இல்லாத கிருஷ்ணர், கண் இல்லாத நாட்டியக்காரி, கண் இல்லாத கருடன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வூட்ல எல்லாமே தூங்கிக்கினு கீது?" என்று கேட்டார். அன்னம் கீழ்த்தட்டுக்கு இறங்கிக் கதவுப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் லீவில் வரும் நாளன்று மட்டும் அத்தை நினைவுபடுத்துவார். "நைனா வருது. அன்னத்தத் தொடச்சி முன்னால வெய்யி." மகனையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் அன்னத்தை நடுத்தட்டில் ஏற்றி, பல்பு எரிகிறதா என்று போட்டுப் பார்ப்போம். அவர் வந்து பார்த்துப் பூரித்துப் போவார். இந்தக் கூட்டுக் களவாணித்தனத்தில்தான் நானும் அத்தையும் நெருங்கினோம் என்று நினைக்கிறேன்.

அந்த யசோதை வந்தது இதற்குப் பிறகு. வாகை மரத்தில் ஒரு முழ உயரம். இடுப்பில் குழந்தைக் கிருஷ்ணன். அவள் சற்றே ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பை ஒடித்து, குழந்தையின் பாரத்தைத் தாங்கி நின்றாள். பாரம் இருப்பது தெரிந்தது, அதுதான் அதிசயம். அத்தை வழக்கம்போல் முதுகைத் திருப்பினார். சடை, முதுகெலும்பின் பள்ளம், குழந்தையின் குட்டி விரல்கள் அவள் தோளைப் பற்றியிருப்பது, எல்லாம் இழைத்து இழைத்துச் செய்திருந்தது. அத்தை முந்தானையை விரித்துச் சிலையை வாங்கிக்கொண்டார். சித்தூர் வரை பஸ்ஸில் என்னிடம் தரவே இல்லை. தாய்க்கும் கண் இல்லை, பிள்ளைக்கும் கண் இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை என்பதை அந்தச் சிலையை வைத்து யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தேன். அத்தை இருக்கும் வீட்டில் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

இதற்கிடையில் நகரியில் என் தம்பிக்குக் கல்யாணம். ஒரு வாரம் போயிருந்துவிட்டுத் திரும்பினேன். சமையலறைக்குள் போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அரிசி டப்பாவில் நான் விட்டுப் போன மட்டத்தில் அரிசி அப்படியே இருந்தது. காய்கள் கூடையிலேயே வதங்கிக் கிடந்தன. அடுப்பு மேடையில் டீத்தூள் மட்டும் சிந்தியிருந்தது. அத்தை இளைத்திருந்தார்.

"ஒரு வாரமா இன்னா துன்னீங்க அத்த?"

"டீ போட்டுக் குடிச்சேன். கடையில பொறை ரொட்டி வாங்கிக்கினேன்."

"சோறு ஆக்கலியா?"

"ஒருத்திக்கு யாரும்மா அடுப்பு பத்த வெப்பா? நீ இருந்தா ஆக்கலாம், உன்கூட ஒரு வாய் துன்னலாம்."

நான் கத்தினேன். என்னவெல்லாமோ பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் ஆக்கிய சோற்றை அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னொரு உலை வைத்தேன்.

அது நடந்து கொஞ்ச நாளில் குவைத்திலிருந்து போன். பக்கத்து வீட்டில்தான் அப்போது போன் இருந்தது. ஓடிப் போய் எடுத்தால், அவர் மூச்சு வாங்கப் பேசினார். கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், ஃபேமிலி விசா கிடைக்கும், லீவில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான்கு வருடமாக நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் என் சந்தோஷம் வடிந்துவிட்டது. எனக்கு அந்த அரிசி டப்பாதான் கண்ணில் நின்றது.

அத்தைக்குக் குவைத்துக்கு விசா கிடையாது. நாத்தனார் ஓடி வந்து, திருப்பதிக்கு வந்து என்னோடு இரு என்று அழுதாள். அத்தை அசையவில்லை. "பொண்ணு வூட்ல ஒக்காந்து துன்றதா? ஊரு சிரிக்கும்." அப்படியானால் தனியாக எப்படி இருப்பீர்கள் என்றால், "இருக்கறதுக்கு இன்னா, இருந்துட்டுப் போறேன்" என்றார். அவர் இருந்த அழகைத்தான் நான் பார்த்திருந்தேனே. நான் போனால் இந்த மனுஷி டீயும் பொறையுமாகவே ஒருநாள் சுருண்டு விழுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போனில், நான் வரவில்லை என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஹலோ, ஹலோ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காசு ஓடுகிறதே என்று நான்தான் போனை வைத்தேன்.

அவர் லீவில் வந்தார். இந்த முறை அன்னத்தை முன்னால் வைக்க எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. அவர் ஷோகேஸ் முன்னால் நின்று தேடினார், பலகைக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தார், துடைத்து அங்கேயே வைத்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வரமாட்டாயா என்று அவர் ஒரு தடவைதான் கேட்டார். வரமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் மெலிதாகச் சண்டை போட்டோம், கோபித்துக்கொண்டோம். நகரியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் கிளம்பிப் போனேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தேன்.

ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். யசோதையின் இடுப்பிலிருந்து குழந்தை என்னைப் பார்த்தது.

குழந்தைக்கு மட்டும் விழி கீறியிருந்தது. சின்ன உளியால் கீறி, மையிட்டு, வெள்ளைப் புள்ளி வைத்திருந்தது. பார்வை நேராக வாசல் பக்கம். பசித்த குழந்தை சோற்றோடு யார் வருகிறார்கள் என்று பார்க்குமே, அந்தப் பார்வை. தாய்க்கு எப்போதும்போல் வழுவழுப்பான மூடிய இமை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். "உனக்குப் பிடிச்ச பொம்மையாச்சே, கொயந்தைக்காவது கண்ணு தொறந்து வெக்கலாம்னு நேத்து எடுத்துக்கினு போனேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை சமையலறையிலிருந்து வந்தார். வந்தவர் மகனைப் பிடித்த பிடி இருக்கிறதே, அப்படி அவர் ஏசி நான் கேட்டதே இல்லை.

"அறிவு கீதா உனக்கு? இத்தினி வருசமா பாத்துப் பாத்து கண்ணு தொறக்காம வெச்சிக்கினு இருந்தோம். ஒரு வார்த்த கேக்க மாட்ட? கொயந்தைக்குக் கண்ணத் தொறந்துட்டியே, இனி யாரு சோறு போடறது? இத வெச்சிக்கினு வூட்டப் பூட்ட முடியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. அத்தை மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொறந்தது தொறந்துச்சி. இனிமே நான் எங்கியும் நகர முடியாது. இத்தோட இந்த வூட்லயே ஆக்கிப் போட்டுக்கினு கெடக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போவணும்னா போங்க."

அன்றைக்கே ஒரு சின்ன பித்தளைக் கிண்ணம் எடுத்து வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றில் ஒரு பிடி, பருப்பு, நெய், குழைத்து யசோதையின் முன்னால். அந்த ரகளைக்கு நடுவில் நான் டிபன் பாக்ஸைத் தேடினால், கழுவாமல் தயிர் வாடையோடு கிடந்தது. வெளியே போகிறவர் கட்டிக்கொண்டு போனதைக் கழுவி வைக்கக் கூடாதா என்று அதற்கும் சேர்த்து அவரைத் திட்டினேன்.

அடுத்த சில வாரங்கள் நான் அத்தையைக் கவனித்தேன். ஒருநாள் எனக்கு விரதம், ஒன்றும் வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். என் கணவரும் திருப்பதிக்குப் போயிருந்தார். முன்பெல்லாம் என்றால் அத்தை டீயோடு நிறுத்தியிருப்பார். அன்றைக்கு மதியம் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. தாளிக்கும் வாசனை வந்தது. படைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, அந்தக் கிண்ணத்துச் சோற்றோடு தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கொயந்தைக்கு வெச்சத கீழ கொட்டக் கூடாது" என்று யாரிடமோ சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டார். படுத்துக்கொண்டே நான் அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்ததும், பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

கிளம்பும்போது அத்தை அழவில்லை. மாங்காய் ஊறுகாய் பாட்டிலை இன்னொரு துணியால் சுற்றுவதிலேயே குறியாக இருந்தார். கார் திரும்பும்போது நான் பார்த்தேன், அவர் வாசலில் இல்லை. உள்ளே போய்விட்டிருந்தார்.

குவைத்தில் எங்கள் வீடு நான்காவது மாடியில் ஒற்றை அறை. சுவரெல்லாம் வெள்ளை, ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரன் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூக்கு நீண்ட பழைய பித்தளைக் காபிக் கூஜா ஒன்று வாங்கினேன், அவ்வளவுதான். வாங்கும்போது என்னையறியாமல் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினேன். பின்னாலும் பூ வேலை செய்திருந்தது. அவர் வேடிக்கையாகப் பார்த்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தையிடம் பேசுவோம். நான் அவர் சாப்பிட்டாரா என்று கேட்க மாட்டேன். "கொயந்தைக்கு இன்னிக்கு இன்னா வெச்சீங்க?" என்று கேட்பேன். "கீரக் கொயம்பு வெச்சேன். கத்திரிக்கா சரியா வேவல, அது ஒண்ணும் கோவிச்சிக்கல" என்பார். அவர் பட்டியலைச் சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கீரை, கத்திரிக்காய், ஒருநாள் பாயசம். என் வயிறு நிறையும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, போனை வைத்துவிட்டு நான் என் கணவரைச் சீண்டினேன். "உங்க மரமண்டை வேலையும் ஒரு நன்மைக்குத்தான் ஆச்சு. நீங்க பாட்டுக்குக் கண்ணைத் தொறந்தீங்க, அவங்க பாட்டுக்கு ஆக்கித் துன்னறாங்க." வழக்கமாகச் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நான் எங்க தொறந்தேன்? எனக்கு அந்த ஊருக்கு வழியே தெரியாது."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சி. நீ நகரிக்குப் போனதும் யசோதைய முந்தானையில சுத்திக்கினு, கெளம்புடான்னு சொல்லிச்சி. பட்டறைக்குப் போயி, கொயந்தைக்குக் கண்ணு தொறங்கன்னு சொல்லிச்சி. கூடவே டிபன் பாக்ஸ்ல தயிர்ச் சோறு. கண்ணு தொறக்கற நேரத்துல அத மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினு நின்னுச்சி. மொதல்ல சோத்தத்தான் பாக்கணுமாம்."

கழுவாத டிபன் பாக்ஸ் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஹாலில் அவர் வாங்கிய ஏச்சும் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவர் தலை குனிந்து நின்றதற்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து என்ன நடிப்பு நடித்திருக்கிறார்கள்!

"அப்போ யசோதைக்கு ஏன் தொறக்கல?"



"அந்தப் பட்டறை ஆளும் கேட்டாரு. பெரியவளுக்கு வேணாம்னு அம்மா சொல்லிச்சி. கண்ணு இருந்தா, போனவங்க வருவாங்களான்னு வாசலயே பாத்துக்கினு கெடப்பான்னு சொல்லிச்சி."

அந்த வெள்ளை அறையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதோம். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

இதை நான் அறிந்துகொண்டேன் என்று அத்தையிடம் சொல்லவே இல்லை. அவருடைய பொய்யை அவரிடமே விட்டுவைத்தேன். மகள் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு முதல் லீவில் வந்தபோது, அத்தை பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பித்தளைக் கிண்ணத்திலிருந்தே ஊட்டினார். ஒரு வாய் இவளுக்கு, ஒரு வாய் அந்தக் குழந்தையின் முன்னால். ஷோகேஸின் நடுத்தட்டில் அன்னம் பச்சையும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் வருவோமென்று துடைத்து வைத்திருந்தார். நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"பெரியவளுக்கும் கண்ணு தொறந்துடலாமா, அத்த?"

ஊட்டும் கை நிற்கவில்லை. "இன்னாத்துக்கும்மா? ரெண்டு மாசத்துல திரும்பிப் போவீங்க இல்ல" என்றார்.

நான் பிறகு கேட்கவில்லை. அதற்கடுத்த லீவிலும் கேட்கவில்லை.

மகளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தோம், பேசினோம், போதும் என்று முடிவு செய்தோம். சித்தூரிலேயே சொந்தமாக ஏ.சி. ரிப்பேர் கடை வைக்கலாம் என்றார் அவர். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து இறங்கினோம். அட்டைப் பெட்டிகள் ஹாலை அடைத்துக்கொண்டன. பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்த அத்தை, "எப்போ திரும்பிப் போறீங்க?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"போவல, அத்த. இனிமே இங்கதான்."

 சோறு ஆறுகிறது என்று அத்தை உள்ளே போய்விட்டார். எங்களுக்குப் பரிமாறினார், குழந்தைக்கு வைத்தார், பாத்திரம் கழுவினார். இதற்கு ஒரு சந்தோஷம்கூட இல்லையா என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை நான் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. அத்தை குளித்து, நல்ல புடவை கட்டி, ஹாலில் நின்றுகொண்டிருந்தார். முந்தானைக்குள் யசோதை. கையில் டிபன் பாக்ஸ்.

"சீக்கிரம் கெளம்பு. காளாஸ்திரி பஸ்ஸுக்கு நேரமாவுது."

"எங்க, அத்த?"

"பெரியவளுக்கும் கண்ணத் தொறந்துக்கினு வந்துடலாம்" என்றார். "இனிமே அவ வாசலப் பாக்க வேண்டிய வேல இல்ல."